பல் டாக்டரிடம் போகப் பயமா? அந்தப் பயத்துக்கும் மருந்து உண்டு!

"பிரசவ வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஆனா அந்தப் பல் டாக்டர் நாற்காலியிலே மட்டும் என்னை உட்காரச் சொல்லாதீங்க!"

எங்கள் நெரவியில் இப்படிச் சொல்லும் பெண்கள் ஒருவர் இருவர் அல்ல. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஏன், இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர், "நம்மைத்தான் சொல்கிறாள்" என்று இப்போதே சிரித்துக் கொண்டிருப்பீர்கள்!

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மல்லாந்து படுக்க வேண்டும். கண்ணுக்கு நேரே பளீரென்று விளக்கு. வாய்க்குள் நாலைந்து கருவிகள். மிஷின் போடும் "கிர்ர்..." என்ற சத்தம். வலித்தால் வாய் திறந்து சொல்லவும் முடியாது. ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது! சின்ன வயதில் யாராவது கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துப் பல்லைப் பிடுங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். மனசு மறந்தாலும் உடம்பு மறக்காது. ஆஸ்பத்திரி வாசலில் மருந்து வாசனை அடித்ததுமே கை சில்லிட்டு, நெஞ்சு படபடக்கும்.

பயப்படுவது தப்பில்லை. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல், நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறோமே, அதுதான் ஆபத்து.

என் நாத்தனாரின் கதையையே எடுத்துக் கொள்ளுங்கள். கடைவாய்ப் பல்லில் சின்னதாக ஒரு சொத்தை. "அண்ணி, கிராம்பு வெச்சா அடங்கிடுது" என்பாள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பாள். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினாள். ஒருநாள் ராத்திரி கன்னம் பொரி உருண்டை மாதிரி வீங்கிவிட்டது. மறுநாள் அழைத்துப் போனால் டாக்டர், "சீழ் கட்டியிருக்கும்மா. இப்ப ஊசி போட்டாலும் சரியா மரத்துப் போகாது. முதல்ல மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வடியட்டும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த ஒரு வார்த்தையை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத் தன்மை அதிகமாகிவிடும். மரத்துப் போகச் செய்யும் மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக இறங்காது. அதனால், வலி வந்த பிறகு போகிறவருக்குத்தான் வலி அதிகம். வலி அதிகமானால் அடுத்த தடவை பயம் இரட்டிப்பாகும். பயத்தால் இன்னும் தள்ளிப் போடுவோம். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிச் சுற்றி வருகிறோம். சின்னச் சொத்தையாக இருக்கும்போதே போனால் அடைத்துக்கொண்டு அரை மணியில் வீடு திரும்பலாம்.

இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, பயத்துக்கு என்ன மருந்து? ஒன்றல்ல, படிப்படியாகப் பல வழிகள் இருக்கின்றன. எது போதுமோ அந்தப் படியோடு நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

முதல் படி: வாய்ச்சொல்

இதற்குக் காசு கிடையாது. உள்ளே போனதும், "டாக்டர், எனக்கு ரொம்பப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். எதைக் கண்டு பயம் என்றும் சொல்லுங்கள். ஊசியா, சத்தமா, மூச்சு முட்டுமோ என்பதா? இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். காலை நேரத்து முதல் சீட்டாக வாங்குங்கள். வெளியே உட்கார்ந்து மற்றவர் முனகலைக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு டாக்டர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் சொல்வது, அடுத்து கருவியைக் காட்டுவது, அப்புறம்தான் செய்வது. நாமும் வீட்டில் ஒத்துழைக்க வேண்டும். "அடம் பிடிச்சா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். "டாக்டர் மாமா பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும்.

இரண்டாம் படி: மரத்துப் போகும் ஊசி

இது பெரும்பாலும் எல்லோருக்கும் போடுவதுதான். இதில் முக்கியமான மருந்து லிக்னோகெயின். 1943-இல் ஸ்வீடன் நாட்டு ரசாயன நிபுணர் நில்ஸ் லோஃப்கிரென் உண்டாக்கியது. 1948-இல் விற்பனைக்கு வந்தது. ஊசிக்கே பயம் என்றால், ஊசி குத்தும் இடத்தில் முதலில் மரக்கச் செய்யும் களிம்பையோ ஸ்பிரேயையோ போடச் சொல்லிக் கேட்கலாம். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம். மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் செய்கிற வேலை அது; சில நிமிஷத்தில் அடங்கும். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அது தெரியாமல் குழந்தை உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளும். மரப்பு தெளியும் வரை முறுக்கு, பிஸ்கட், சூடான பால் எதுவும் வேண்டாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சிரிப்பு வாயு

பெயரைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கிறதல்லவா? நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு. 1800-ஆம் ஆண்டிலேயே ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இது வலியைக் குறைக்கிறது, அறுவைச் சிகிச்சைக்கு உதவலாம் என்று எழுதி வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 44 வருஷம் கழித்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஹாரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதைப் பார்த்தார். மறுநாள், 1844 டிசம்பர் 11 அன்று, தானே வாயுவை முகர்ந்துகொண்டு, தன் கடைவாய்ப் பல்லையே இன்னொரு டாக்டரைப் பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை! இன்று உலகமெங்கும் ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கும் மயக்க மருந்துக்கு வழி திறந்ததில் ஒரு சொத்தைப் பல்லுக்கும் பங்கு உண்டு என்றால் பாருங்கள்.

இப்போது இந்த வாயுவைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஆக்சிஜனோடு கலந்து, மூக்கில் மட்டும் ஒரு சின்ன மூடி வைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் காரைக்கால் பக்கத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார். அங்கே பாதி வாயு, பாதி ஆக்சிஜன் என்று கலந்தே சிலிண்டரில் வருகிறது. அங்கிருக்கும் என் ஓரகத்தி மகள், "பெரியம்மா, தூக்கமெல்லாம் வராது. ஊஞ்சல்ல ஆடற மாதிரி இருக்கும். டாக்டர் பேசறது காதுல விழும். ஆனா பயம்தான் எங்கேயோ போயிடும்" என்றாள்.

சில நிமிஷத்தில் வேலை செய்யும். நிறுத்திவிட்டு வெறும் ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் முகர்ந்தால் சீக்கிரமே தெளிந்துவிடும். ஆனால் இது பயத்தைத்தான் குறைக்கும். மரத்துப் போகும் ஊசி இதோடு சேர்த்துத் தேவைப்படும். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு இது சரிவராது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். கடுமையான நுரையீரல் நோய், பி12 சத்துக் குறைவு உள்ளவர்களும், சமீபத்தில் காதிலோ கண்ணிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் முதலிலேயே சொல்ல வேண்டும். எல்லாப் பல் டாக்டரிடமும் இந்த வசதி இருக்காது. போன் செய்து கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நான்காம் படி: மாத்திரையும் மருந்தும்

பெரியவர்களுக்கு முதல் நாள் இரவோ, சிகிச்சைக்கு ஒரு மணி முன்போ மனசை அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுப்பதுண்டு. என் நாத்தனாருக்கு வீக்கம் வடிந்த பிறகு, பயத்தைச் சொன்னதும், டாக்டர் இதைத்தான் கொடுத்தார். கண் சொக்கியபடி உட்கார்ந்தாள், பல்லும் வந்துவிட்டது. "இவ்வளவுதானா அண்ணி?" என்றாள்.

ஆனால் மாத்திரை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும். ஒருவருக்கு ஒன்றுமே ஆகாது. இன்னொருவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். வயதானவர்கள் தடுமாறி விழக்கூடும். அதனால் தனியே போகக் கூடாது. கூட்டி வர ஆள் வேண்டும். அன்று முழுவதும் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. நம் பாஷையில் சொன்னால், அடுப்பு, அரிவாள்மணை, மிக்சி பக்கம் போகக் கூடாது. பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம்! ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறவர்கள், வேறு தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் எல்லோரும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஐந்தாம் படி: நரம்பு வழியாகக் கொடுப்பது

கையில் சின்ன ஊசி குத்தி, மிடசோலம் போன்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அரைத் தூக்கமாக இருக்கும். கூப்பிட்டால் பதில் சொல்லலாம். நடந்தது பிறகு அதிகம் நினைவில் இருக்காது. அளவைக் கூட்டவும் நிறுத்தவும் முடியும். மருந்தின் வேகத்தை முறிக்க ஃப்ளூமசெனில் என்ற மாற்று மருந்தும் உண்டு. இதைத் தனிப் பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும்.

கடைசிப் படி: முழு மயக்கம்

மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டுப் பல் சொத்தை என்றால் நாற்காலியில் உட்கார வைத்து எத்தனை தடவை அழ விடுவது? மூளை வளர்ச்சி குறைந்த குழந்தையிடம் "ஆ" காட்டு என்றால் காட்டுமா? இப்படிப்பட்டவர்களுக்கு ஆஸ்பத்திரித் தியேட்டரில், மயக்க மருந்து டாக்டர் கூடவே இருக்க, ஒரே மூச்சில் எல்லாப் பல்லையும் பார்த்து விடுவார்கள். அதற்குத் தேவை உள்ளபோது அது வரப்பிரசாதம்தான்.

ஆனால் இடம் முக்கியம். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வந்த ஓர் அறிக்கையை ஒட்டி, 2001 டிசம்பர் முடிவோடு, பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுப்பதை ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். சாதாரணப் பல் கிளினிக்கில் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏதாவது ஆகிவிட்டால் காப்பாற்றும் வசதி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பார்கள். தாயின் மனசு கேட்காது. "பாவம், பச்சைப்பிள்ளை" என்று ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுவோம். கூடவே கூடாது! மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பொதுவாக, சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணிக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணிக்கு முன்பும் நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் இன்னும் முன்பே. உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கையே கடைப்பிடியுங்கள். தெரியாமல் பாட்டி ஏதாவது ஊட்டிவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யவே கூடாதவை

டாக்டரிடம் குழந்தை சமர்த்தாக இருக்கட்டும் என்று சளி மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கூட்டிப்போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தூக்கம் வர வைக்கும் ப்ரோமெதசின் மருந்தை 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது; மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. பெரிய குழந்தைக்கும், நாம் ஒன்று கொடுத்திருக்க, அது தெரியாமல் டாக்டர் இன்னொன்று கொடுத்தால் என்ன ஆவது? கசகசாவை அரைத்துப் பாலில் கொடுப்பதும் அப்படித்தான். அபின் செடியின் விதைதான் கசகசா. சின்னக் குழந்தையின் மூச்சை அது மந்தப்படுத்திவிடக் கூடும்.

சொத்தைப் பல்லில் புகையிலை அடக்குவது, ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது இரண்டும் வேண்டாம், ஈறு வெந்துவிடும். கிராம்புத் தைலமும் பெரியவர்களுக்குப் பஞ்சில் ஒரு சொட்டு, ஒருவேளைக்குத் தாங்குமே தவிர வைத்தியம் ஆகாது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கூச்சப்படாமல் கேளுங்கள்

தூக்க மருந்தோ மயக்கமோ கொடுக்கப் போகிறார்கள் என்றால் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. மருந்தைக் கொடுப்பவர் யார்? அதற்குப் பயிற்சி பெற்றவரா?

2. பல் டாக்டர் வாய்க்குள் வேலை செய்யும்போது, மூச்சையும் நாடியையும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா?

3. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? (2020, 21-இல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு பார்த்தோமே, அதே கிளிப்தான்.)

4. குழந்தையின் எடையைப் பார்த்தார்களா? எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு.

5. முடிந்த பிறகு எவ்வளவு நேரம் வைத்துப் பார்ப்பார்கள்? வீட்டில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. "வயித்துப் பிள்ளையோட பல்லைத் தொடக் கூடாது" என்பது பழைய பயம். 4, 5, 6-ஆம் மாதங்கள் பல் சிகிச்சைக்கு வசதியானவை. லிக்னோகெயின் ஊசி பொதுவாகப் பாதகமில்லை. தூக்க மருந்துகளை மட்டும் தவிர்ப்பார்கள். சீழை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

எங்கே போவது?

எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. பெரிய வைத்தியம் என்றால், புதுச்சேரியில் மகாத்மா காந்தி பெயரில் அரசின் பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும் 1980-இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி உண்டு. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் "குழந்தைகள் பல் பிரிவு எங்கே?" என்று கேட்டுப் போங்கள். அடம் பிடிக்கிற பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே படித்த டாக்டர்கள் அங்கே இருப்பார்கள்.

எல்லாவற்றையும் விடச் சுலபமான வழி, இந்தப் படிகளில் ஏறவே வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொள்வது. சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். ராத்திரி முழுதும் அந்தப் பால் பல்லில் தங்கிச் சொத்தையாக்கும். முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், ஒரு வயது முடிவதற்குள், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வலியில்லாத நாளில் முதல் தடவை போன பிள்ளைக்கு அந்த நாற்காலி வெறும் ஏறி இறங்கும் நாற்காலிதான். பயம் எங்கிருந்து வரும்?

உங்களுக்கும் ஒன்று. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். எங்காவது கறுப்பாகத் தெரிகிறதா? ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால் இந்த வாரமே போய்வாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ஞாபகம் இருக்கிறதல்லவா? "டாக்டர், எனக்குப் பயம்." மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.